'அப்பாவைக் கூட்டிட்டு வா!'

இதைப் படிக்கும் அப்பாக்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. பயப்பட வேண்டாம், ஐந்தே கேள்விகள்தான். உங்கள் பிள்ளை எந்த செக்‌ஷனில் படிக்கிறது? வகுப்பு ஆசிரியையின் பெயர் என்ன? வகுப்பில் பக்கத்தில் உட்காருவது யார்? மத்தியானச் சாப்பாட்டை எந்த இடத்தில் வைத்துச் சாப்பிடுகிறது? பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில் எத்தனை தடவை ஒன்றுக்குப் போகிறது? மனைவியின் முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டால் பைசா சுத்தமாகச் சொல்வீர்கள். கடைசிப் பரீட்சையில் கணக்கில் எத்தனை மார்க் என்றாலும் சொல்லிவிடுவீர்கள். ஆனால் மேலே கேட்ட ஐந்துக்கும்..? என் வைத்தியசாலைக்கு வருகிற அப்பாக்களில் பலர் இந்த இடத்தில் திரும்பி வீட்டம்மாவைத்தான் பார்க்கிறார்கள். அந்தம்மா 'இது கூடத் தெரியாதா?' என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பதில் சொல்வார். பிள்ளை சிரிக்கும்.

சித்த வைத்தியனுக்கு எதற்கு இந்த விசாரணையெல்லாம் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நாடி பார்க்கிறேன், நாக்கைப் பார்க்கிறேன், வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறேன். அதெல்லாம் பாதி விவரம்தான். வேன் ஏறுவதிலிருந்து திரும்பி வந்து இறங்குவது வரை பிள்ளை எட்டு, ஒன்பது மணி நேரம் வெளியே இருக்கிறது. என் மருந்து காலையில் ஒரு வேளை, ராத்திரி ஒரு வேளை. நடுவில் இருக்கிற அந்தப் பகல் முழுவதும் என்ன நடக்கிறது என்று தெரியாமல், சூரணத்தையும் லேகியத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்து என்ன பிரயோஜனம்?

அடக்கக் கூடாத பதினான்கு

நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். பள்ளிக்கூடங்களுக்குப் பேர் போன ஊர் அது. காலை எட்டரை மணிக்குத் தெருவில் நடந்தால் சீருடைக் கூட்டத்தில் நாமும் அடித்துக்கொண்டு போய்விடுவோம். அந்த ஊரில் உட்கார்ந்துதான் 'பதினான்கு வேகங்கள்' என்ற பாடத்தைப் படித்தோம்.

உடம்பு தானாக வெளியேற்ற நினைப்பதையும் தானாகக் கேட்பதையும் அடக்கக் கூடாது. அடக்கினால் நோய் வரும் என்பது சித்த மருத்துவத்தின் அடிப்படைகளில் ஒன்று. அந்தப் பட்டியலில் சிறுநீர் உண்டு, மலம் உண்டு, கீழ்க்காற்று உண்டு. பசி, தாகம், தூக்கம், தும்மல், இருமல், கொட்டாவி எல்லாம் உண்டு. கண்ணீரும் உண்டு! அழுகையை அடக்குவதும் உடம்புக்கு ஆகாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள் பெரியவர்கள்.

இப்போது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் நாளை நினைத்துப் பாருங்கள். ஏழு மணிக்கு வேன். அதனால் ஆறரைக்குப் பாதித் தூக்கத்தில் இரண்டு வாய் இட்லி. காலைக்கடன் வருவதற்குள் வேன்காரர் ஹாரன் அடித்துவிடுவார். வகுப்பில் கொட்டாவி விட்டால் திட்டு. தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிக்கப் பயம். குடித்தால் பாத்ரூம் போக வேண்டுமே! 'மிஸ், ஒன் பாத்ரூம்' என்று எழுந்தால், 'இப்பத்தானே இன்டர்வெல் விட்டாங்க, உட்காரு' என்று பதில். யாராவது கேலி செய்தால் அழவும் முடியாது, பையன்கள் அழக் கூடாதாம். பதினான்கில் எத்தனை ஆச்சு? நீங்களே விரல் விட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தையை அதன் அம்மா கூட்டி வந்தார். மாதத்தில் ஒரு தடவையாவது நீர்க்கடுப்பு. கூடவே மலச்சிக்கல். சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். கிருமித் தொற்று இருந்தது. குழந்தை மருத்துவரிடம் அனுப்பி அதற்கான மருந்தை முடிக்கச் சொல்லிவிட்டு, பிறகு நான் நெருஞ்சில் குடிநீரும் உணவு முறையும் சொன்னேன். குணமானது. அடுத்த மாதம் மறுபடியும் அதே கதை.

"தண்ணி குடிக்கிறாளா?" என்று கேட்டேன். "எங்க டாக்டர், கொண்டுபோற பாட்டில் அப்படியே முழுசா திரும்பி வருது. சோம்பேறி" என்றார் அம்மா. குழந்தையை விசாரித்தபோதுதான் விஷயம் வந்தது. பெண்கள் கழிப்பறையில் இரண்டு கதவுகளுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. தோழி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தோழி லீவு போட்டால் அன்றைக்கு இவள் போகவே மாட்டாள். அதற்குத்தான் தண்ணீரே குடிப்பதில்லை. பாவம், சோம்பேறித்தனமா அது? கணக்குப் போட்டு நடந்திருக்கிறது குழந்தை!

அம்மா ஏற்கெனவே இரண்டு முறை ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறார். 'பார்க்கலாம்மா' என்று பதில். மூன்றாவது முறை அப்பாவை அனுப்பி வைத்தேன். மனிதர் சண்டை போடவில்லை. தலைமை ஆசிரியரைப் பார்த்து, "சார், தாழ்ப்பாள் நான் வாங்கித் தரட்டுமா, நீங்க போடுறீங்களா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். அந்த வாரமே தாழ்ப்பாள் வந்துவிட்டது. பதினைந்து நாள் கழித்து அம்மா சொன்னார்: "பாட்டில் காலியா வருது டாக்டர்!"

இதில் எனக்கு முழுச் சந்தோஷம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா சொன்னால் நகராத தாழ்ப்பாள், அப்பா சொன்னால் நகருகிறது என்றால் அது நம் ஊரின் கோளாறு. அம்மாவின் பேச்சுக்கும் அதே மரியாதை கிடைக்க வேண்டும். ஆனால் ஊர் திருந்துகிற வரைக்கும் அந்தக் குழந்தை தண்ணீர் குடிக்காமல் இருக்க முடியாதே? உங்கள் சொல்லுக்கு ஒரு எடை இருக்கிறதென்றால், அதைப் பிள்ளைக்காக ஒரு தடவை பயன்படுத்துங்கள் என்கிறேன்.

திங்கட்கிழமை வயிற்றுவலி

குழந்தைகளுக்கு வரும் வயிற்றுவலியில் ஒரு வகை உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லேசாக ஆரம்பிக்கும். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு உச்சத்துக்குப் போகும். 'சரி, இன்னிக்கு லீவு' என்றதும் ஒன்பதரைக்குத் தானாகவே தணிந்துவிடும். மே மாதத்தில் இந்த நோய் அநேகமாக வருவதே இல்லை!

சிரிக்கிற விஷயமில்லை. அந்த வலி பொய்யும் இல்லை. பயம் வந்தால் வயிறு கலங்கும் என்பது நமக்குப் பாட்டி காலத்திலிருந்தே தெரியும். பிள்ளை நடிக்கவில்லை, அதன் குடல் உண்மையிலேயே சுருங்கி வலிக்கிறது. (ஆனால் ஒன்று: வலியோடு காய்ச்சல், விடாத வாந்தி, வலது பக்கம் அடிவயிற்றில் தொட முடியாத வலி, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, மலத்தில் ரத்தம், எடை குறைவது, இதில் எது இருந்தாலும் 'ஸ்கூல் பயம்' என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.)

வேறு கோளாறு ஒன்றும் இல்லை என்று பார்த்து முடித்துவிட்டால், ஓமத் தண்ணீர் கொடுக்கலாம், சீரகம் கொடுக்கலாம், சமாதானமாகும். ஆனால் வேர் எங்கே இருக்கிறது? வகுப்பறையில் இருக்கிறது. அல்லது வேனில். அல்லது டியூஷனில். அதைக் கண்டுபிடிக்கும் வேலையை நான் என் நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்ய முடியாது.

இங்கேதான் அப்பாக்கள் விஷயத்தில் நம் ஊரில் ஒரு பெரிய தப்பு நடந்திருக்கிறது. வீட்டுப்பாடம் எழுதவில்லை என்றால், சண்டை போட்டால், ஜன்னல் கண்ணாடியை உடைத்தால், ஆசிரியர் என்ன சொல்வார்? 'நாளைக்கு உங்க அப்பாவைக் கூட்டிட்டு வா!' பிரம்படியைவிடப் பெரிய தண்டனை அது. நீங்களும் நானும் படித்த காலத்திலிருந்தே அப்படித்தான். அந்த ராத்திரி சாப்பாடு இறங்காது. அம்மாவிடம் கெஞ்சி, சித்தப்பாவைக் கெஞ்சி, சில பிள்ளைகள் தெருமுனைக் கடைக்காரரைக்கூட 'அப்பா' ஆக்கிக் கூட்டிக்கொண்டு போனதுண்டு!

யோசித்துப் பாருங்கள். பெற்ற தகப்பன் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைப்பது பிள்ளைக்கு ஒரு தண்டனை. போலீஸ் வருகிற மாதிரி. அந்த அப்பாவும் சும்மா போவாரா? 'கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு, தோலை உரிச்சிடுங்க சார்' என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டுப் பெருமையாகத் திரும்புவார். ஆசிரியர் மேல் மரியாதையில் சொல்வதுதான். ஆனால் பக்கத்தில் நின்று அதைக் கேட்கிற பிள்ளைக்கு என்ன புரியும்? இங்கே என்ன நடந்தாலும் அப்பாவிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை என்றுதான் புரியும். பிறகு அது வாயால் சொல்லாது. வயிற்றால் சொல்லும்.

இன்றைக்குச் சட்டமே மாறிவிட்டது. 2009-ஆம் வருடத்து கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தை நோகடிப்பதையும் தடை செய்கிறது. தோலை உரிக்க ஆசிரியருக்கு உரிமை இல்லை. உரிக்கச் சொல்ல உங்களுக்கும் இல்லை.

மருந்து யாருக்கு?

எங்கள் மருத்துவத்தில் குழந்தைகளுக்கென்று 'பாலவாகடம்' என்று தனிப் பிரிவே உண்டு. அதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு முறை, பால் குடிக்கிற சிசுவுக்கு உடம்பு சரியில்லை என்றால் மருந்தையும் பத்தியத்தையும் தாய்க்குக் கொடுப்பது. தாய் வழியாகப் பிள்ளைக்குப் போய்ச் சேரும். நோய் ஓரிடம், மருந்து ஓரிடம்.

பள்ளிக்கூட வயசு வந்த பிறகு எனக்கென்னவோ சில சமயம் அப்பாவுக்குத்தான் மருந்து எழுத வேண்டும் போலிருக்கிறது. எழுதியும் இருக்கிறேன். திங்கட்கிழமை வயிற்றுவலியோடு வந்த ஒரு நாலாம் வகுப்புப் பையனுக்கு மருந்துச் சீட்டில் அப்பா பெயரைப் போட்டு, 'பள்ளிக்கூடம், மாதம் ஒரு வேளை, வெறும் கையோடு' என்று எழுதிக் கொடுத்தேன். 'வெறும் கையோடு' என்றால்? புகார் இல்லாமல், மார்க் ஷீட் இல்லாமல், பிரச்சினை எதுவும் இல்லாதபோது போவது. அதுதான் முக்கியம்.

அந்த அப்பா வங்கியில் வேலை பார்ப்பவர். ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். வகுப்பு ஆசிரியையிடம், "ஒண்ணுமில்லைம்மா, பையன் எப்படி இருக்கான்னு சும்மா பார்த்துட்டுப் போக வந்தேன்" என்றாராம். அந்த அம்மாள் முதலில் நம்பவேயில்லை. ஏதோ பெரிய புகார் வரப்போகிறது என்று காத்திருந்திருக்கிறார். ஒன்றும் வரவில்லை என்றதும் அவராகவே பேச ஆரம்பித்தார். பையன் நன்றாகப் படம் வரைகிறானாம். வேனில் பெரிய பையன்கள் இரண்டு பேர் அவனுடைய டிபன் பாக்ஸைப் பிடுங்குகிறார்கள் என்று வேறொரு பிள்ளை சொன்னதாம். பத்தே நிமிஷம்! நான் மூன்று மாதமாகத் தேடிய வேர் வேனில் இருந்தது. வேன் டிரைவரிடம் சொல்லி, பையனை முன் சீட்டுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். வயிற்றுவலி குறைந்தது. ஒரே நாளில் மாயமாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், ஒரு மாதம் பிடித்தது.

'லீவு கிடைக்காது சார்!'

அப்பாக்கள் சொல்லும் காரணங்கள் எனக்கு மனப்பாடம். முதலாவது, நேரமில்லை. இதற்கு நான் அதிகம் பேசப் போவதில்லை. ஆதார் கார்டு திருத்தவும் காஸ் கனெக்‌ஷன் மாற்றவும் கிடைக்கிற ஒரு மணி நேரம் இதற்கும் கிடைக்கும். பெரும்பாலான பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் சனிக்கிழமைதான். வளைகுடாவில் வேலை பார்ப்பவரா, லாரி ஓட்டுபவரா? மாதம் ஒரு முறை வகுப்பு ஆசிரியருக்குப் போன் போட்டு ஐந்து நிமிஷம் பேசலாம். அதிலும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசும்படி ஏற்பாடு செய்தால் ரொம்ப விசேஷம். அப்பா இல்லாத வீடுகளில் தாத்தா போகலாம், தாய்மாமன் போகலாம். சீர் செய்கிறபோது முன்னால் நிற்கிற தாய்மாமன் இதற்கும் வந்து நிற்கட்டுமே!

இரண்டாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த மளிகைக் கடை அண்ணாச்சி ஒருவர். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். மகளை இங்கிலீஷ் மீடியத்தில் போட்டிருக்கிறார். எத்தனையோ முறை சொல்லியும் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் போக மாட்டேன் என்கிறார். ஒரு நாள் ரத்த அழுத்தம் பார்க்க வந்தபோது மெதுவாகச் சொன்னார்: "அங்க போனா பிரின்ஸ்பால் இங்கிலீஷ்ல கேப்பாக. நான் முழிப்பேன். பிள்ளைக்கு அவமானமாப் போயிரும்லா?"

எத்தனை அப்பாக்களின் தொண்டையில் இந்த வார்த்தை சிக்கிக்கொண்டிருக்கிறதோ! அண்ணாச்சி, அந்தப் பிரின்சிபாலும் வீட்டுக்குப் போனால் தமிழில்தான் ரசம் கேட்பார். நீங்கள் தமிழிலேயே கேளுங்கள். உங்கள் பணத்தில் நடக்கிற பள்ளிக்கூடம், உங்கள் மொழியில் உங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது. பிள்ளைக்கு அவமானம் என்பதெல்லாம் நம் கற்பனை. மகளையே ஒரு நாள் கேட்டேன். "அப்பா ஸ்கூலுக்கு வந்தா நல்லாருக்கும் டாக்டர், எல்லார் அப்பாவும் பைக்ல கேட்டோட போயிருவாங்க, எங்கப்பா உள்ள வந்தா கெத்து" என்றாள். அண்ணாச்சி அதற்குப் பதில் பேசவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவது காரணம், 'கேள்வி கேட்டால் பிள்ளையை மனதில் வைத்துக்கொள்வார்கள்.' இது முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். அதற்குத்தான் பிரச்சினை இல்லாதபோதே போய் முகப் பழக்கம் செய்துகொள்ளச் சொல்கிறேன். முதல் தடவையே சட்டையைப் பிடிக்கப் போகிறவர் வேறு, நாலு தடவை வணக்கம் சொன்ன பிறகு ஒரு குறை சொல்கிறவர் வேறு. அதோடு, தனியாகப் போகாமல் இன்னும் இரண்டு அப்பாக்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் சேர்ந்து கேட்டால் அது தனிப்பட்ட புகாராகத் தெரியாது.

தோளில் பலகை சுமந்தவர்கள்

அப்பாக்கள் பள்ளிக்கூடத்துக்கு வருவது நமக்குப் புதுசும் இல்லை. காமராஜர் முதல்வராக இருந்தபோது, 1950களின் கடைசியில், கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைப் பற்றிப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். நிலம் கொடுத்தவர்கள், கட்டடம் கட்டிக் கொடுத்தவர்கள், பெஞ்சு, கரும்பலகை, சீருடை என்று முடிந்ததைக் கொடுத்தவர்கள்... எல்லாம் ஊர்க்காரர்கள்தான். அவர்களில் எத்தனையோ பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் பள்ளிக்கூடம் 'நம்மளது' என்று தெரியும். ஃபீஸ் கட்டத் தொடங்கிய பிறகு நமக்கு அந்த எண்ணம் போய்விட்டது. ஓட்டலில் பில் கட்டுகிற மாதிரி கட்டிவிட்டு வந்துவிடுகிறோம். ஓட்டலிலாவது சாம்பாரில் உப்பு அதிகம் என்றால் கேட்கிறோம்!

அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படிக்கிற பிள்ளை என்றால் உங்களுக்குச் சட்டமே இடம் போட்டு வைத்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது 2009 சட்டம். தமிழ்நாட்டில் தலைவராக ஒரு தாய்தான் வருகிறார். நல்ல ஏற்பாடு. நான் அப்பாக்களை அந்த நாற்காலியைப் பிடிக்கச் சொல்லவில்லை. 'தலைவியோட வீட்டுக்காரர்' என்று சொல்லிக்கொண்டு அந்தம்மாவுக்குப் பதில் இவர் போய் உட்காருகிற கூத்தும் வேண்டாம். உறுப்பினராக இல்லாவிட்டாலும் கூட்டம் நடக்கிற அன்றைக்கு ஒரு குழாயைப் பார்த்துச் சொல்ல, மின்சார வயர் தொங்குவதைச் சுட்டிக்காட்ட அப்பா ஒருவர் இருந்தால் நல்லதுதானே? சுயநிதிப் பள்ளிகளுக்கு இந்தக் குழு விதி பொருந்தாது. அங்கே பெற்றோர் ஆசிரியர் கழகம் இருக்கிறதா என்று கேளுங்கள். காகிதத்தில் இருக்கிறதா, நிஜத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

உள்ளே போனால் எதைப் பார்ப்பது? மார்க்கை அல்ல. அது வீட்டுக்கே வந்துவிடும். முதலில் பிள்ளையின் பெஞ்சில் ஒரு நிமிஷம் உட்காருங்கள். முட்டி இடிக்கும், பரவாயில்லை. கரும்பலகை தெரிகிறதா? ஜன்னல் வெளிச்சம் அதன் மேல் பட்டுப் பளபளக்கிறதா? அடிக்கடி தலைவலி என்று என்னிடம் வருகிற பிள்ளைகளில் சிலருக்கு மருந்தே தேவைப்படாது. கண் பரிசோதனையும், இரண்டு பெஞ்சு முன்னால் மாற்றி உட்கார வைப்பதும் போதும். பிறகு குடிதண்ணீர்க் குழாய். டேங்க் எப்போது கழுவினார்கள்? பிறகு கழிப்பறை: கதவு, தாழ்ப்பாள், தண்ணீர், சோப்பு. பெரிய பெண்கள் படிக்கிற பள்ளி என்றால் நாப்கின் போட மூடியுள்ள கூடை. (பெண்கள் கழிப்பறையைப் பார்க்க ஆசிரியை ஒருவரோடு அம்மாவை அனுப்புங்கள், கேள்வியை நீங்கள் கேளுங்கள். வயசுக்கு வந்த மகளின் விஷயத்தில் 'அதெல்லாம் அவ அம்மா பார்த்துப்பா' என்று அப்பா ஒதுங்குவது எனக்குப் பிடிக்காத ஒன்று.)

அப்படியே கேன்டீன் பக்கம் போங்கள். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் அதிகமுள்ள பண்டங்களைப் பள்ளிக் கேன்டீனிலும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி போட்டிருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் கலர் பாட்டிலும் சிப்ஸ் பாக்கெட்டும் தோரணமாகத் தொங்கும்! விதி இருப்பது கடைக்காரருக்குத் தெரியாது. பல நேரம் பள்ளிக்கும் தெரியாது. சொல்ல வேண்டியது நாம்தான். சுண்டல், கடலை மிட்டாய், எள்ளுருண்டை, வாழைப்பழம் வைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் வாங்குமா என்றால், முதல் வாரம் வாங்காது. வேறு எதுவும் இல்லையென்றால் இரண்டாவது வாரம் வாங்கும்.

வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. எடை பார்க்கும் மெஷினில் பிள்ளையை நிறுத்துங்கள். பிறகு புத்தகப் பையை வையுங்கள். பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக் கூடாது என்பது 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கை. 25 கிலோ பிள்ளைக்கு இரண்டரைக் கிலோ. உங்கள் வீட்டில் எவ்வளவு காட்டுகிறது? அதைச் செல்போனில் படம் பிடித்துப் போய்ப் பள்ளியில் காட்டுங்கள். கோபப்பட வேண்டாம், படமே பேசும்.

இன்னொன்று. பள்ளியில் குடற்புழு நீக்க நாள் என்று அல்பெண்டசோல் மாத்திரை கொடுப்பார்கள். 2015-இல் தொடங்கி இப்போது நாடு முழுக்க நடக்கிறது. 'நாங்க சித்த வைத்தியம்தான் பார்க்கிறோம், இங்கிலீஷ் மாத்திரை வேண்டாம்' என்று என் பெயரைச் சொல்லி மறுத்த அப்பா ஒருவர் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். போடுங்கள். அன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சலோ வேறு உடம்பு சரியில்லாமலோ இருந்தால் மட்டும் ஆசிரியரிடம் முன்கூட்டிச் சொல்லுங்கள். வெறும் காலோடு மண்ணில் விளையாடுவதையும் கை கழுவாமல் சாப்பிடுவதையும் கவனிக்கிற வேலை அதற்குப் பிறகும் இருக்கிறது.

செய்யக் கூடாதது என்று பார்த்தால் மூன்றோ நாலோதான். அரை மார்க்குக்காக ஆசிரியரிடம் பேரம் பேசாதீர்கள். ஆசிரியர் முன்னால் பிள்ளையை அதட்டாதீர்கள், பிள்ளை முன்னால் ஆசிரியரை மட்டம் தட்டாதீர்கள். பக்கத்து வீட்டுப் பையன் ரேங்க்கை அங்கே எடுக்கவே எடுக்காதீர்கள். வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் இருந்துகொண்டு காலை வணக்கப் படம் மட்டும் அனுப்பிவிட்டு, 'நானும் ஸ்கூல் விஷயத்துல இருக்கேன்' என்று சொல்வதும் கணக்கில் சேராது.

முதல் முறை போகும்போது பிள்ளைக்கு நிச்சயம் பயமாக இருக்கும். 'நான் என்ன தப்பு செஞ்சேன்?' என்று முகத்தைப் பார்க்கும். 'ஒண்ணும் இல்லைப்பா, உன் கிளாஸைப் பார்க்கணும்னு ஆசை' என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். அடுத்த கூட்டம் எந்தச் சனிக்கிழமை என்று பிள்ளையின் டைரியில் எழுதியிருக்கும். டைரி எங்கே இருக்கிறது என்று வீட்டம்மாவைக் கேட்க வேண்டாம், பிள்ளையையே கேளுங்கள்.